பழைய பிக்கப்பில் டீசல் லீக்: சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள்

வண்டிக்கு அடியில் படுத்து, எங்கே சொட்டுகிறதோ அந்த நட்டில் ஸ்பானரைப் போட்டு இறுக்குவதுதான் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது. நானும் அதையேதான் செய்தேன். என்னுடையது 2006 மாடல், காய்கறி லோடு அடிக்கும் பிக்கப். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு அடியில் ஈரம். வாஷர் மாற்றினேன், அப்புறம் ஃபீட் பம்பையே பிரித்து கிட் போட்டேன். பத்து நாள் கழித்தும் அதே இடத்தில் அதே சொட்டு. கடைசியில் பார்த்தால் டீசல் கிளம்பியது மேலே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களில் மூன்றாவதன் ரிட்டர்ன் ஹோஸிலிருந்து, அதாவது மிச்ச டீசல் திரும்பிப் போகும் ட்யூபிலிருந்து. விரல் நீளமுள்ள ரப்பர் ட்யூப். அதன் நுனியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அங்கே கசிந்தது ஹெட்டில் இறங்கி, பிளாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போய், ஃபீட் பம்பின் மூக்கில் சொட்டியிருக்கிறது.

டீசலின் குணம் அது. தண்ணீர் மாதிரி பொட்டென்று விழாது, இரும்பை ஒட்டிக்கொண்டே ஊரும். வண்டி ஓடும்போது காற்று வேறு அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே என்று பாருங்கள். லீக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆனால் பல வருட அழுக்கும் பிசுக்கும் படிந்த எஞ்சினில் எது புது ஈரம், எது பழைய ஈரம் என்று யாருக்குத் தெரியும்? கழுவாமல் தேடுவது வீண் வேலை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழுவுங்கள். நாசில்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் எஃப்.ஐ. பம்ப் சூடாக இருக்கும்போது அதன் மேல் பச்சைத் தண்ணீரை அடித்தால், உள்ளே டீசலை அழுத்தும் பிளஞ்சர் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. காய்ந்ததும், பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல், நாசில், ஃபில்டர், பம்ப் எல்லாவற்றின் மேலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். வெள்ளை எங்கே முதலில் கறுக்கிறதோ, அங்கே டார்ச் அடியுங்கள். டப்பா பவுடர்தான், ஆனால் ஃபீட் பம்ப் கிட்டுக்கு நான் கொடுத்த காசை அது மிச்சம் பிடித்திருக்கும்.

கையால் தடவிப் பார்ப்பதுதான் இதில் மோசமான தவறு. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில்கூட நாசில் திறப்பது ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில். டயருக்கு நாம் அடிக்கும் காற்று ஐம்பது, அறுபது பி.எஸ்.ஐ.; இது 2,900 பி.எஸ்.ஐ. எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டி என்றால் 1,000 பாரையும் தாண்டும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே சதை கெட ஆரம்பிக்கும், விரலையே எடுக்கும்படி ஆகலாம். அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ‘டீசல் பிரஷரில் உள்ளே ஏறிவிட்டது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். லீக்கைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும், பைப் பக்கத்தில் காட்டி அது எங்கே நனைகிறது என்று பாருங்கள். கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

சரி, ஒரு சொட்டுகூட வெளியே தெரியாத லீக்கும் உண்டு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் டீசலை உறிஞ்சித்தான் இழுக்கிறார்கள். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். இரவு முழுக்க நிற்கும்போது டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கும், நாம் ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் திட்டுவோம். ஹேண்ட் பம்பை நாலு தடவை அமுக்கினதும் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியென்றால் முதலில் இந்தப் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் ஒரு சாண் மாட்டி ஓடவிட்டால் குமிழி வருவது தெரியும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள். அந்த ட்யூப் டீசலில் விறைத்து வெடித்துவிடும்.

இனி சரிசெய்வது. டீசல் பைப்பைப் பிடித்திருக்கும், நடுவில் துளை உள்ள பாஞ்சோ போல்ட்டில் கசிந்தால் இன்னும் ஒரு சுற்று இறுக்குவதுதான் நம் வழக்கம். இரண்டு பக்கமும் உள்ள காப்பர் வாஷர் ஒரு தடவை நசுங்கிவிட்டால் அடுத்த தடவை சரியாக உட்காராது. மேலே மேலே இறுக்கினால் துளை போட்ட அந்த போல்ட்தான் முறியும். புது வாஷருக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு. டெஃப்லான் டேப் சுற்றவே வேண்டாம். பிய்ந்த துணுக்கு ஒன்று பம்புக்குள் போனால் போதும். எம்-சீல், சைக்கிள் ட்யூப் கட்டு எல்லாம் வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர மட்டும்.

ஹை பிரஷர் பைப் நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள், பைப்பை மாற்றுங்கள். மாற்றும்போது, இந்தப் பைப்களைச் சேர்த்துப் பிடிக்கும் குட்டி கிளாம்ப்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். யாரோ எப்போதோ கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். கிளாம்ப் இல்லாத பைப் எஞ்சின் அதிர்வில் ஆடி ஆடி அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். இரண்டு முனை நட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

பம்பின் ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) திடீரென்று கசியத் தொடங்கினால் டீசலும் காரணமாக இருக்கலாம். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி) டீசல் வந்தபோது கந்தகம் 50 பி.பி.எம். ஆனது, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்து 10 ஆனது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் சேர்மானமும் கொஞ்சம் மாறும். பழைய டீசலில் ஊறி உப்பிப் பழகிய நைட்ரைல் ரப்பர் அதில் சுருங்கிவிடும். மாற்றும்போது விட்டான் வகை ஓ-ரிங் கேளுங்கள்.

பலரும் மறப்பது எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக். ரோட்டரி வகை எஃப்.ஐ. பம்பின் முன் ஷாஃப்ட் சீல் போனால், கியரில் ஓடும் பம்பாக இருந்தால், டீசல் டைமிங் கவர் வழியாக நேராக எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். தரையில் ஒரு துளி இருக்காது, ஆனால் ஆயில் மட்டம் ஏறும். “வண்டி ஆயிலே குடிக்கவில்லை” என்று சந்தோஷப்படுபவர்கள் ஒருமுறை ஆயிலை மோந்து பார்க்கவும். டீசல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள், நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும். பம்பை டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்கு அனுப்பி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றும் முன் பம்ப் உட்கார்ந்திருந்த இடத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டைமிங் மாறி, புகையோடு அடுத்த தலைவலி வந்து சேரும்.

வேலை முடிந்ததும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்ப், பிறகு எஃப்.ஐ. பம்பின் ஸ்க்ரூ, அதற்கும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம். இந்தக் கடைசி வேலையை காமன் ரெயில் வண்டியில் மட்டும் செய்துவிடாதீர்கள். சிந்திய டீசலை, முக்கியமாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம், துணியால் ஒற்றி எடுத்த பிறகே வண்டியை ஓடவிடுங்கள். அப்புறம் ஒரு லோடு அடித்து வந்ததும் அதே இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள்.