முதல் நிரலை இன்றைக்கே ஓடவிடுவது எப்படி? பீடிக் கூலிக் கணக்கை வைத்து ஒரு செய்முறை

நிரல் (புரோகிராம்) எழுதப் பழகும் பலரும் முதல் வரிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். எந்த எடிட்டர் நல்லது, ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது, கிளாஸ் (class) என்ற அமைப்பில் எழுத வேண்டுமா என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஓடுகிற நிரல் ஒன்று கையில் இருந்தால்தான் இந்தக் கேள்விகளுக்கே விடை தெரியும். அதனால் அசிங்கமாக இருந்தாலும் முதலில் ஓடட்டும்.

படி 1. என்ன செய்யப்போகிறது என்று தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "பீடி எண்ணிக்கையைக் கொடுத்தால் கூலியைக் காட்ட வேண்டும்." முக்கூடல், ஆலங்குளம் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வீட்டில் கூலிக் கணக்கு எழுதும் பாஸ்புக் இருந்தால் விடையைச் சரிபார்க்கவும் வசதி. வாக்கியத்தில் "அப்புறம்" என்று வந்தால் அதிலிருந்து கடைசி வரை அடித்துவிடுங்கள்.

படி 2. நிரல் எழுதப் பைத்தான் (Python) மொழியை எடுத்துக்கொள்வோம். எடிட்டராக, அதனோடு வரும் ஐடில் (IDLE) போதும். புதுக் கோப்பில் எண்களை நேரடியாகவே எழுதுங்கள். பைத்தான் 3-ல் மாறிகளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயர்களுக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

கூலி = 300
எண்ணிக்கை = 700
தொகை = கூலி * எண்ணிக்கை / 1000

300 என்பது கணக்குக்காக வைத்த எண். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வரியில் print(தொகை) என்று எழுதி, எஃப்5 அழுத்திச் சேமித்தால் 210.0 என்று வரும்.

அந்த ".0" கண்ணை உறுத்தத்தான் செய்யும். இப்போது தொடாதீர்கள். கோப்பின் அடியில் "# பிறகு" என்று எழுதி, அதன் கீழே வரிக்கொரு # போட்டுச் சேர்த்துவிடுங்கள். # போட்ட வரியைப் பைத்தான் கண்டுகொள்ளாது. பி.எஃப். பிடித்தம், வாரக் கூட்டல், அழகான திரை எல்லாவற்றுக்கும் இடம் அதுதான். எழுதி வைத்துவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற கவலை போய், கை அடுத்த வரிக்கு நகரும்.

படி 3. இனி 700-க்குப் பதில் input() என்று எழுதி, எண்ணிக்கையை மட்டும் இன்புட் மூலம் கேளுங்கள். 700 கொடுத்ததும் டைப் எரர் வரும். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். அதை 300-ஆல் பெருக்கினால் "700" என்பதை 300 தடவை ஒட்டி நீட்டும். அதை 1000-ஆல் வகுக்க முடியாமல் நின்றுவிடும். இன்புட்டைச் சுற்றி இன்ட் போட்டு int(input()) என்று எழுதினால் சரியாகிவிடும். யாராவது கமாவோடு 1,000 என்று அடித்தால் வேல்யூ எரர் வரும். அதுவும் "பிறகு" பட்டியலுக்கே.

படி 4. 0, 500, 1000 கொடுத்துப் பாருங்கள். 0.0, 150.0, 300.0 வந்தால் உடனே கிட்டில் (Git, கோப்பின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கருவி) ஒரு கமிட், அதாவது இந்த நிலையைப் பதிவு செய்வது. பழைய நிலைக்குத் திரும்ப வழி இருந்தால் கலைத்துப் பார்க்கப் பயம் இருக்காது. நிரல் இன்னும் முழுமையாகவில்லையே என்று தயங்க வேண்டாம். பைத்தானே 1991-ல் 0.9.0 என்ற எண்ணோடுதான் வெளியே வந்தது, 1.0 வர 1994 ஆகிவிட்டது.

படி 5. பட்டியலில் எதை முதலில் எடுப்பது என்று நீங்களே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பீடி சுற்றுகிற அம்மாவிடமோ அத்தையிடமோ ஓட்டிக் காட்டுங்கள். "கழிவை (சரியில்லை என்று ஒதுக்கிய பீடியை) எங்கே கழிச்சிருக்கு?" என்று கேட்டால் அதுதான் அடுத்த வேலை: எண்ணிக்கையிலிருந்து கழிவைக் கழிக்க ஒரே ஒரு வரி, எஃப்5, கமிட்.