விண்வெளி மையத்தில் ஒரே ஒரு நாள்: நேரத்தைத் தின்னும் தவறுகள்

விண்வெளி அருங்காட்சியகம் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு பெரிய கட்டடம். வாசலில் டிக்கெட், உள்ளே கண்ணாடிப் பேழைகள், வெளியேறும் வழியில் ஒரு கடை. விண்வெளி மையத்தோடு சேர்ந்த அருங்காட்சியகத்துக்கு இந்தக் கணக்கோடு போனால் பாதி நாள் பறிபோய்விடும். அது ராக்கெட் ஏவும் தளத்தை ஒட்டியோ, விண்வெளி வீரர்கள் பயிற்சி பெறும் வளாகத்தை ஒட்டியோ அமைந்திருக்கும். அங்கே இன்றும் வேலை நடக்கிறது. பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானவை வேலிக்கு அப்பால், தொலைவில் இருக்கும். நடந்தோ சொந்தக் காரிலோ போக முடியாது. அவர்கள் விடும் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

இதை நான் தெரிந்துகொண்டது இழப்பில்தான். முதன்முதலாக இப்படி ஒரு மையத்துக்குப் போனபோது, வாசலில் தொடங்கி ஒவ்வொரு கூடமாக, ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே போனேன். மாலை மூன்றரை மணிக்கு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கடைசி பஸ் புறப்பட்டுவிட்டது. அருங்காட்சியகம் மூட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆனால் எந்த ராக்கெட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போனேனோ, அது அந்த பஸ் போகும் இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளிக்குப் போய் விமானம்போல் திரும்பி இறங்கிய அட்லாண்டிஸ் விண்ணோடம் நுழைவாயில் இருக்கும் வளாகத்திலேயே இருக்கிறது. மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டோ வேறொரு கட்டடத்தில். பஸ்ஸில் மட்டுமே போக முடியும். கடைசி பஸ் மூடும் நேரத்துக்கு வெகு முன்பே கிளம்பிவிடும். ஆகவே காலையில் உள்ளே போனதும் கண்ணில் படும் கூடத்துக்குள் நுழையாமல் நேரே பஸ் வரிசைக்குப் போவதே சரி. தொலைவில் உள்ளதை முதலில் பார்த்துவிட்டால், அருகில் உள்ளதை மாலைவரை நிதானமாகப் பார்க்கலாம்.

ஹூஸ்டனில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். அங்கே ஜான்சன் விண்வெளி மையத்துக்குள் டிராம் வண்டியில் அழைத்துப் போகிறார்கள். அப்போலோ என்ற நிலவுப் பயணங்களை நடத்திய கட்டுப்பாட்டு அறையை 1969-இல் இருந்தபடியே சீரமைத்து, நிலவில் கால்வைத்த 50-ஆம் ஆண்டையொட்டி 2019-இல் திறந்தார்கள். மேசைகளின் மேல் சாம்பல் கிண்ணமும் காபிக் கோப்பையும்கூட அன்று இருந்தபடி வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடிக்குப் பின்னால், அன்று விருந்தினர்கள் அமர்ந்த பகுதியில் நாம் அமர்ந்து பார்க்கிறோம். இடங்கள் குறைவு என்பதால் நுழைவு டிக்கெட் மட்டும் வாங்கிவிட்டு, இதற்குத் தனியாக முன்பதிவு வேண்டுமா என்று பார்க்காமல் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்த அறை மூன்றாவது தளத்தில் இருக்கிறது. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் படிகளைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஏவுதல் நடக்கும் நாளிலேயே அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவது அடுத்த தவறு. ஆசை நியாயமானதுதான். ஆனால் மேகமோ காற்றோ ஒரு வால்வோ ஒத்துழைக்காவிட்டால் ஏவுதல் தள்ளிப்போகும். கடைசி நிமிடத்தில் நின்றுபோனதும் பலமுறை நடந்திருக்கிறது. அன்று சாலைகளில் கட்டுப்பாடு இருக்கும், பஸ் சுற்றுலா சுருங்கும் அல்லது ரத்தாகும், கூட்டமோ சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரே நாள்தான் என்றால் ஏவுதல் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இனி நான் மிகவும் வருந்தும் தவறுக்கு வருகிறேன். எது பறந்தது, எது பறக்கவில்லை என்று கேட்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவது.

விண்வெளி அருங்காட்சியகங்களில் மூன்று வகைப் பொருள்கள் கலந்து கிடக்கும். உண்மையிலேயே விண்வெளிக்குப் போய்த் திரும்பியவை. பறப்பதற்காகவோ சோதனைக்காகவோ செய்யப்பட்டு, பறக்காமலே நின்றுவிட்டவை. காட்சிக்கென்றே செய்த மாதிரிகள். அளவில் பெரியதும் பளபளப்பாக இருப்பதும் பெரும்பாலும் மூன்றாவது வகைதான். ஆகவே கூட்டம் அங்கேதான் நிற்கும். அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரத்து மையத்தில் ஒரு சாட்டர்ன் 5 வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது, தொலைவிலிருந்தே தெரியும். அது 1999-இல் நிறுவிய மாதிரி. 1960-களில் அதிர்வுச் சோதனைகளுக்குப் பயன்பட்ட உண்மையான சாட்டர்ன் 5 உள்ளே ஒரு கூடத்தில் படுத்துக் கிடக்கிறது. வெளியே நிற்பதோடு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை அவசரமாகக் கடந்துபோவது எவ்வளவு பெரிய இழப்பு! ஹூஸ்டனில் ஜம்போ விமானத்தின் முதுகில் இருக்கும் இன்டிபென்டன்ஸ் விண்ணோடமும் மாதிரிதான். ஆனால் அதைச் சுமக்கும் அந்த 747 விமானம் அசல். உண்மையான விண்ணோடங்களை நாட்டின் குறுக்கே தூக்கிச் சென்ற விமானம் அது. இரண்டுக்குள்ளும் போகலாம். மாதிரி என்பதால் அது வீண் என்று நான் சொல்லவில்லை. விமானிகளின் அறை எவ்வளவு குறுகல் என்று உள்ளே நின்று பார்க்க மாதிரி உதவும். எதன் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பறந்து வந்த ஒன்றின் முன்னால் நிற்பது எப்படி என்று சொல்கிறேன். அதே ஹூஸ்டன் மையத்தில் அப்போலோ 17-இன் கட்டளைக் கலம், அதாவது வீரர்கள் அமர்ந்து பூமிக்குத் திரும்பிய பகுதி, இருக்கிறது. 1972 டிசம்பரில் மூவரை நிலவுவரை கொண்டுபோய், 12 நாள்களுக்குப் பிறகு பசிபிக் கடலில் இறக்கிய கலம். கிட்டப் போய் அடிப்பகுதியைப் பாருங்கள். மணிக்குச் சுமார் 40,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்த பக்கம் அதுதான். அடுப்பில் கருகிய மண்சட்டிபோல் இருக்கும். கலம் எரியாமல் இருக்க அந்தப் பூச்சு தானே கருகி, உதிர்ந்து, வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோனது. பிறகு சன்னல் வழியாக உள்ளே பாருங்கள். மூன்று இருக்கைகள், ஒரு சிறிய காருக்குள் இருக்கும் இடத்தைவிட அதிகமில்லை. இதற்குப் பத்து நிமிடம் தேவை. அந்தப் பத்து நிமிடம் இல்லாதபடி நாளை நிரப்பிக்கொள்வதைத்தான் தவறு என்கிறேன்.

சாட்டர்ன் 5-ஐயும் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு வரக்கூடாது. அதன் நீளம் 111 மீட்டர். கீழ்முனையில், ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய வாய் கொண்ட ஐந்து எஃப்-1 என்ஜின்களிடம் தொடங்கி, நுனிவரை நடந்து போங்கள். ஒவ்வொரு பகுதியைக் கடக்கும்போதும், இது கடலில் விழுந்தது, இது வழியில் கழன்றது என்று மனத்துக்குள் கழித்துக்கொண்டே வாருங்கள். நுனிக்கு அருகே ஒரு கூம்பு இருக்கும், உயரம் சுமார் மூன்றரை மீட்டர். பூமிக்குத் திரும்பி வந்தது அது மட்டும்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த நடையைவிட நல்ல பாடம் வேறில்லை. விளக்கப் பலகை எதையும் படிக்க வைக்க வேண்டாம்.

சின்ன அருங்காட்சியகங்களை ஒரு மணி நேர வேலை என்று நினைப்பதும் தவறுதான். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் உள்ள விண்வெளி அருங்காட்சியகம் ஒரு பழைய தேவாலயம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து விண்ணில் ஏவப்பட்ட முதல் ராக்கெட்டான நைக்கி-அப்பாச்சி தும்பாவிலிருந்துதான் கிளம்பியது. அந்தத் தேவாலயத்துக்குள்தான் தொடக்க காலப் பொறியாளர்கள் வேலை செய்தார்கள். காட்சிப் பொருள்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பாதிதான் பார்த்ததாகும். சுவர்களே காட்சிப் பொருள்.

இப்படிப்பட்ட இடங்கள் பாதுகாப்பு வளையத்துக்குள் இருப்பவை. புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை இல்லாமல் போக வேண்டாம். வெளிநாடாக இருந்தால் பாஸ்போர்ட்டே கையில் இருக்கட்டும். பெரிய பை, மடக்குக் கத்தி, டிரோன் எல்லாம் வாசலிலேயே நேரத்தைத் தின்னும். விளையாட்டு ஊர்திகளுக்கு உயர வரம்பு உண்டு. பிள்ளையை ஒரு மணி நேரம் வரிசையில் நிறுத்திவிட்டு வாசலில் திருப்பி அழைத்துவரும் நிலை வரக்கூடாது, முன்பே பார்த்துவிடுங்கள். ராக்கெட்டுகளை வெளியே நிறுத்தி வைத்திருக்கும் ராக்கெட் தோட்டம் பெரும்பாலும் நிழல் இல்லாத வெட்டவெளி. அதைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, திரைப்படக் காட்சிகளை உச்சிவெயில் நேரத்துக்கு ஒதுக்குங்கள். பழைய செருப்புதான் நல்லது, புதுச் செருப்பு வேண்டாம்.

பல மையங்களில் தன்னார்வலர்கள் கூடங்களில் நின்றிருப்பார்கள். வழி சொல்ல நிற்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஹன்ட்ஸ்வில்லில் அவர்களில் பலர் நாசாவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள். "நீங்கள் இதில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர்கள் வயதும் ஏறிக்கொண்டே போகிறது.

கடைசி அரை மணி நேரத்தைப் பெரும்பாலோர் நினைவுப் பொருள் கடையில் கழிக்கிறார்கள். கடையை மதியமே முடித்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு, அன்று உங்களை மிகவும் ஈர்த்த ஒன்றிடம் திரும்பிப் போங்கள். கென்னடி மையம் என்றால் அட்லாண்டிஸ். 33 முறை போய்வந்த அந்த விண்ணோடம் இன்னும் விண்ணில் மிதப்பதுபோல் 43.21 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மேல்தளத்தில் அதன் சரக்கு அறையின் திறந்த கதவுகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கி அதன் வயிற்றைப் பாருங்கள். வெப்பம் தாங்கும் கறுப்பு ஓடுகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் அதன் இடத்துக்கென்றே செதுக்கிக் கையால் ஒட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகிவிடும்; அந்த எண்கள் தெரியத் தொடங்கும்.