பழைய ஃபெண்டர் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

ஃபெண்டர் கம்பெனி 1960-களில் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று விலைக்கு வந்தால், பலரும் முதலில் பின்பக்கம் திருப்பி சீரியல் நம்பரைப் பார்க்கிறார்கள். பார்க்கலாம், நம்பக் கூடாது. நம்பர் இருப்பது நெக்கையும் (கம்பிகள் ஓடும் நீண்ட கைப்பகுதி) பாடியையும் பிணைக்கும் உலோகத் தகட்டில். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், வேறொன்றை மாட்டிவிடலாம். ஃபெண்டர் நம்பரை ஹெட்ஸ்டாக்குக்கு, அதாவது நெக்கின் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனதே 1976-ல்தான். இன்னொரு கம்பெனியான கிப்சனில் வேறு வம்பு: 1960-களில் ஒரே நம்பர் வெவ்வேறு வருடக் கிட்டார்களில் வந்திருக்கிறது.

இரண்டு வருடம் முன்னேபின்னே இருந்தால் என்ன என்று விடவும் முடியாது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. அதற்கு முந்தைய கிட்டார் என்றால் விலையே வேறு. 1966-ஐ 1964 ஆக்கிக் காட்டும் ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே உள்ளே பார்க்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றினால், அதன் அடியில் பெரும்பாலும் தேதி இருக்கும். பாடியின் முன்பக்கத் தகடான பிக்கார்டைத் தூக்கினால், வால்யூம், டோன் திருகுகளுக்கு அடியில் இருக்கும் பாட்களின் முதுகில் 1376412 போல ஒரு எண் தெரியும். 137 என்பது தயாரித்த சிடிஎஸ் கம்பெனி, 64 வருடம், 12 வாரம். பாட் நெக்கை விடப் பழையதாக இருந்தால் பதற வேண்டாம். 1966-ல் மொத்தமாக வாங்கிய பாட்களை ஃபெண்டர் சில வருடங்கள் பயன்படுத்தியது. நெக்கை விட வெகுவாகப் புதியது என்றால் யாரோ மாற்றியிருக்கலாம். ஒயர்களைப் பற்றவைத்த சால்டர் பளபளத்தால் அதுவும் அதையே சொல்லும்.

பிக்கார்டு கழன்றிருக்கும்போதே மரத்தையும் பாருங்கள். ஹம்பக்கர் என்ற பெரிய பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) பொருத்த யாராவது குடைந்திருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஏறக்குறைய 1964 வரை பெயின்ட் அடிக்கும் முன் பாடியில் ஆணி அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு பிடுங்கினார்கள். அந்தச் சின்னத் துளைகளுக்குள் வெறும் மரம் தெரிய வேண்டும். உள்ளேயும் பெயின்ட் என்றால் மறுபடி அடித்தது. விலை பெரும்பாலும் பாதிக்கு இறங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மாற்றியிருக்கிறார்கள் என்று நல்ல கிட்டாரை ஒதுக்குபவர்கள், மறுபெயின்ட் அடித்ததை அசல் விலைக்கு வாங்கிப் போகிறார்கள். நிறைய வாசித்த கிட்டாரில் ஃப்ரெட் தேயத்தான் செய்யும். சுத்தமாக மாற்றியிருந்தால் எனக்கு அது குறையே இல்லை.

நெக் வளைந்திருந்தால் கதை வேறு. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட் மேல் இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை இருந்தால் சரி. நிறைய இருந்து, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடும் அதற்கு மேல் இறுகாது என்றால் விட்டுவிடுங்கள். ஆம்ப்பைப் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது, சத்தம் கேட்டபின் புத்தி வேலை செய்யாது.

கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் உள்பக்கப் படங்களையாவது கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் அசல் விலை தராதீர்கள்.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒன்று. அந்தக் காலத்து ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் ஒட்டிய, விரல் வைக்கும் பலகை) பல பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம் அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பிடித்து வைக்கலாம். பணம் அனுப்பும் முன்பே அந்தச் சீட்டை யார் வாங்குவது என்று பேசி முடித்துவிடுங்கள்.