தேர்தல் நேரத்தில் மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் பட்டியலைப் பாருங்கள்

சித்திரைத் திருவிழாவைக் கணக்கில் வைத்துத்தான் வெளிநாட்டில் இருக்கும் மதுரைக்காரர்கள் பாதிப் பேர் டிக்கெட் போடுகிறார்கள். மக்களவைத் தேர்தலும் அநேகமாக அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் வந்து விழுகிறது. 2019-ல் மீனாட்சி தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஏப்ரல் 18 அன்று ஒரே நாளில் மோதிக்கொண்டதால் மதுரைத் தொகுதியில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப்போட விட்டார்கள். 2024-ல் ஏப்ரல் 19 ஓட்டு, 23-ம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். ஒரே லீவில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பியவர்களில் பலருக்கு வாக்காளர் பட்டியலில் பேர் இல்லை. அதைவிடச் சங்கடம், இருக்கக் கூடாத பேர் இருந்தது.

முதல் கேள்வி பாஸ்போர்ட். வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக வாங்கிக்கொண்டால் இந்தியக் குடியுரிமை அந்த நாளோடு போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் வரை இருக்கிறது என்று நினைப்பது தப்பு. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும் ஓட்டு கிடையாது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்ப்பவர்களுக்கு உண்டு. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ பிரிவைச் சேர்த்து, 2011-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்த வாக்குச்சாவடியில் வருகிறதோ, அங்கே 'வெளிநாடுவாழ் வாக்காளர்' என்று பதியலாம். தபால் ஓட்டு இல்லை. பதிலாள் மூலம் ஓட்டுப்போட ஒரு மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-ல் காலாவதியானது. ஆகவே விமானம் ஏறி வந்துதான் ஆகவேண்டும்.

இப்போது சொந்தக்காரர்கள் விஷயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். அம்மா வீட்டு முகவரியில், சாதாரண வாக்காளராகவே உங்கள் பேர் கிடக்கும். எடுக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் பெரியப்பாவிடமிருந்து வரும் பதில் இதுதான்: "பேரு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, ஒன்னைய என்னப்பா செய்யுது?" அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேரை எடுப்பது வீட்டிலிருந்தே எடுப்பது மாதிரி அவர்களுக்குப் படுகிறது. போனவன் போனவன்தான் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்?

ஆனால் சட்டத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. வீடு உங்கள் பேரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நீங்கள் அங்கே 'சாதாரணமாக வசிப்பவர்' ஆகிவிட மாட்டீர்கள் என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனவருக்கு விலக்கு உண்டு. அங்கேயே குடியேறியவர் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, வீட்டில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவர் படிவத்தில் கையெழுத்திடலாம் என்று அனுமதித்தார்கள். கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகனுக்காக எழுபது வயது அம்மா கையெழுத்துப் போட்டால், அந்த உறுதிமொழிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்மாதான். பெரியப்பா அல்ல. இன்னொன்று, ஆள் வராத பேர் கள்ள ஓட்டுக்கு வசதியான பேர்.

நீக்குவதற்குப் படிவம் 7. காரணங்கள் அதிலேயே அச்சாகியிருக்கும்: இறப்பு, நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு, இந்தியக் குடிமகன் அல்லாதவர் என்று. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் குறியுங்கள். ஆன்லைனில் போட்டாலும் கடைசியில் வீட்டுக்கு வருவது பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர்தான், அநேகமாகப் பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ. அவரிடம் எரிந்து விழாதீர்கள், தன் வேலை முடிந்த பிறகு உங்கள் தெருவுக்கு வருகிறவர். எரிச்சல் வருகிற இடம் அலுவலகம். பி.எல்.ஓ.வைப் பாருங்கள் என்பார்கள், பி.எல்.ஓ. ஆபீசுக்குப் போங்கள் என்பார். தேர்தல் பிரிவு கிளார்க் மீட்டிங்கில் இருப்பார். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தால் லீவு கரைவது கண்ணுக்குத் தெரியும். ஒருவர் மாற்றி ஒருவரைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் தொகுதிக்கு அவர் யார் என்பதை 1950 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

அங்கே யாராலும் சுருக்க முடியாத ஒரு கணக்கு உண்டு. விண்ணப்பத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும். அதற்குமேல் விசாரணை. இரண்டு வார லீவில் வந்து இறங்கி மறுநாளே கொடுத்தாலும் தட்டுத் தடுமாறித்தான் முடியும். "நாளைக்கே முடிச்சுத் தர்றேன்" என்று அலுவலக வாசலில் யாராவது சொன்னால் காசுக்காகச் சொல்கிறார். உத்தரவு தப்பாக வந்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

நீக்கியபின் பட்டியலில் பேருக்கு எதிரே ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். இறந்தவருக்கு 'ஈ', இடம்பெயர்ந்தவருக்கு 'எஸ்'. அப்பாவின் வரியும் உங்கள் வரியும் அடுத்தடுத்து இருந்தால், அச்செடுத்து அம்மாவிடம் காட்டாதீர்கள்.

இந்திய பாஸ்போர்ட்காரர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது படிவம் 6ஏ. புகைப்படம், பாஸ்போர்ட்டில் படமும் இந்திய முகவரியும் உள்ள பக்கங்கள், செல்லுபடியாகும் விசா பக்கம் ஆகியவற்றின் நகல்களில் நீங்களே சான்றொப்பம் இட வேண்டும். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும். புதிது தர மாட்டார்கள். பி.எல்.ஓ. அந்த முகவரிக்குப் போய் உறவினரிடம் சரிபார்ப்பார். வீடு பூட்டிக் கிடந்தாலோ, சொத்துத் தகராறில் தம்பி முகம் கொடுக்காவிட்டாலோ, காகிதங்கள் நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்குப் போய் வரும். அதனால் தேர்தல் அறிவிப்புக்கு வெகு முன்பே போட்டுவிடுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலில் சேர்ப்பது நின்றுவிடும்.

தொகுதி விஷயத்திலும் ஏமாறாதீர்கள். மதுரை மக்களவைத் தொகுதியில் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான். திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரில் சேரும். சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில். திருநகரில் வீடு வைத்துக்கொண்டு மதுரை வேட்பாளரைப் பற்றி டீக்கடையில் வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஓட்டுப்போடும் நாளில் உங்கள் பேர் அந்த வாக்குச்சாவடிப் பட்டியலின் கடைசியில், வெளிநாடுவாழ் வாக்காளர் பகுதியில் இருக்கும். ஒரிஜினல் பாஸ்போர்ட் மட்டுமே செல்லும். ஆதாரை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் பேரில் ஏற்கெனவே யாராவது போட்டுவிட்டுப் போயிருந்தால் சண்டை போடாமல் தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி வாக்குச்சீட்டு கேளுங்கள். இயந்திரத்தில் போட முடியாது. சீட்டைத் தனி உறையில் வைப்பார்கள், சாதாரண எண்ணிக்கையில் சேராது. பதிவாவது இருக்கும்.

முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். 2024-ல் தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் முதல் கட்டத்திலேயே போட்டது. எண்ணியது ஜூன் 4-ல். 543 தொகுதிகளையும் ஏழு கட்டமாக முடித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்கள். நாம் பிரதமருக்கு நேரே ஓட்டுப்போடுவதில்லை. 39 பேரைத் தமிழ்நாடு அனுப்புகிறது. 272 பேர் ஆதரவு யாருக்கோ அவரைக் குடியரசுத் தலைவர் அழைக்கிறார்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து பறக்கும் படை வண்டியை மறிக்கும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்து காகிதம் இல்லையென்றால் எடுத்துக்கொள்வார்கள். வங்கியில் எடுத்த சீட்டு, வெளிநாட்டுப் பணம் மாற்றிய ரசீது, கல்யாணப் பத்திரிகை மூன்றையும் பணத்தோடே வையுங்கள், பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். பறிமுதல் ரசீதில் டிரைவர் பேரை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்குவதற்கு மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்க்கும் குழு இருக்கிறது. கட்சிக்கும் வேட்பாளருக்கும் தொடர்பில்லை என்று காகிதம் காட்டினால் விடுவிப்பார்கள். 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித்துறைக்கும் தகவல் போகும், அது உங்கள் லீவுக்குள் முடியாது.