‘குழந்தைகள் புத்தகம்’ என்று மட்டும் கேட்காதீர்கள்

சேலத்தில் ஏதாவது ஒரு புத்தகக் கடையில் போய், “குழந்தைகள் புத்தகம் இருக்குங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். அ, ஆ அட்டை, கலர் அடிக்கும் புத்தகம், கையெழுத்து நோட்டு, ரைம்ஸ் என்று மேசையில் அடுக்கிவிடுவார்கள். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில்தான் சொல்கிறோம். கதை வேண்டுமென்றால் கதை என்றே கேளுங்கள்.

அதிலும் ‘படக்கதை’ என்று கேட்டால் காமிக்ஸ் வரும். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்குப் படக்கதை என்றால் அதுதான். மூன்று நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துப் படித்துக்காட்ட வேண்டியது படப் புத்தகம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும், மீதியைப் படம் சொல்லும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். “24 பக்கம், பக்கத்துக்கு ரெண்டு வரி, இதுக்கு இவ்வளவு விலையா?” என்று கீழே வைத்துவிட்டு, அதே காசுக்கு நூறு கதை அடங்கிய தடித்த தொகுப்பை வாங்கிவிடுகிறார்கள். நல்ல படப் புத்தகத்தில் ‘பாட்டி சந்தைக்குப் போனாள்’ என்று மட்டும் எழுதியிருக்கும். படத்தில் பாட்டியின் கூடைக்குள் பூனை ஒளிந்திருக்கும். வரியை மட்டும் வாசிக்கிற அப்பாவுக்கு அந்தப் பூனை தெரியாது. எழுத்துத் தெரியாத பிள்ளைதான் அதைக் கண்டுபிடித்துக் கத்தும். அதனால் பக்கத்தை வேகமாகப் புரட்டாதீர்கள். பிள்ளை படத்தில் விரல் வைத்துக்கொண்டு இருக்கும்வரை நீங்களும் அங்கேயே இருங்கள்.

வகுப்பைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பதும் சரியில்லை. அரசுப் பள்ளிகளில் 2023-இல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக இருக்கின்றன. பிள்ளைக்கு எந்த அளவு வாசிக்க வருகிறது என்பதுதான் அங்கே கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ புத்தகத்தை ஆசையாகப் படித்தால் விடுங்கள். “இது சின்னப் பசங்க புத்தகம்” என்று பிடுங்கினால் வாசிக்கும் ஆசையே போய்விடும்.

அப்புறம், கதை முடிந்த கையோடு “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்பது. தயவுசெய்து வேண்டாம். அது பரீட்சை. படத்தில் மலைப்பாதையைப் பார்த்ததும் “இது நம்ம ஏற்காடு ரோடா?” என்று பிள்ளை கேட்டால், கதையை நிறுத்திவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்ந்து ஏறி வாருங்கள், கதை எங்கேயும் போய்விடாது.

வாங்கும் முன் இரண்டு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ‘குரங்கு அகமகிழ்ந்து நகைத்தது’ என்று நாக்கு தடுக்கினால் வைத்துவிடலாம். மாவட்ட மைய நூலகத்துக்குப் பிள்ளையையும் கூட்டிப்போய், புத்தகத்தைப் பிள்ளையையே எடுக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்த பிறகும் எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதோ, அதைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.