ரை ரொட் என்ட் மாற்றும் விதம்: என் அனுபவம்

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடற்கரை மணலில் ஓடும் ஜீப்பில் ரை ரொட் என்டின் (ஸ்டியரிங்கை முன்சில்லோடு இணைக்கும் ரொட்டின் நுனியிலுள்ள குண்டு மூட்டு) ரப்பர் உறை கிழிந்தால், உப்பு மணல் உள்ளே போய்க் குண்டைத் தேய்த்துவிடும். முன்சில்லை ஜக்கில் தூக்கி, இரு பக்கமும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும்.

நட்டு கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, நட்டை நுனிவரை தளர்த்துங்கள். மரையில் அடிக்கவேண்டாம், என்டின் தண்டு இறங்கியிருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் பலமாக அடித்தால் உள்ளே இறுகிய கூம்புத் தண்டு விட்டுவிடும். துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வைப்பேன். பழைய என்டை ரொட்டிலிருந்து சுற்றிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றவேண்டும். நட்டின் வெட்டு பின் போடும் துளைக்கு நேரே வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தவே கூடாது. ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும்.

வளைந்த ரொட்டைச் சூடாக்கி நிமிர்த்த நான் சம்மதிப்பதில்லை. ஓட்டத்தில் முறிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் (சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று) பாருங்கள்.