முதலில் ஒரு விளக்குமாறு வாங்குங்கள்

சாத்தான்குளம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளியில் 22 வருஷமாக டீச்சராக இருக்கிறேன். புதிதாகப் பொறுப்பு எடுக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், எந்தப் புஸ்தகம் வாங்கணும்?" என்பதுதான். புஸ்தகம் அப்புறம். முதலில் ஒரு விளக்குமாறு வாங்குங்கள்.

வேதாகமத்தில் லூக்கா 15இல் காணாமற்போன வெள்ளிக்காசு கதை வருகிறது: பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடி எடுத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். அதை வருஷக்கணக்காகப் படம் காட்டித்தான் சொல்லிவந்தேன். பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டு கேட்பார்கள், அடுத்த ஞாயிறு கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். ஒருநாள் படத்தை வீட்டில் வைத்துவிட்டுப் அஞ்சு ரூபாய்க் காசு பத்து எடுத்துக்கொண்டு போனேன். நீங்களும் செய்து பாருங்கள். பிள்ளைகள் வருமுன் ஒரு காசை அறைக்குள் ஒளித்துவைத்து, ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு மிச்சக் காசுகளைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஒன்பதுதான் வரும். "பத்து இருந்ததே, இன்னொரு தரம் எண்ணு" என்று சொல்லுங்கள். மூன்றாவது தடவை எண்ணும்போது அறையே அமைதியாகிவிடும். இப்போது விளக்குமாறை ஒருவர் கையில் கொடுங்கள். மெழுகுவர்த்தி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். பாயைச் சுருட்டட்டும், பெஞ்சை நகர்த்தட்டும், தூசி பறக்கட்டும். கதையைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். காசை எடுத்த பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய், "கிடைச்சிட்டு!" என்று எல்லாரையும் கூப்பிட வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய். அதற்குப் பிறகு உட்காரவைத்து வேதாகமத்தைத் திறந்து வாசியுங்கள். மூன்றே வசனம். விளக்கமே தேவைப்படாது.

நான் முதல்முறை செய்தபோது காசை எங்கே ஒளித்தேன் என்று எனக்கே மறந்துபோனது. ஆராதனைக்கு மணி அடித்துவிட்டார்கள். பிரசங்கம் முழுவதும் என் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவில் முடிந்ததும் வகுப்பறைக்கு ஒரே ஓட்டம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆர்மோனியப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தான். அவன் போட்ட சத்தத்தில், வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த ஐயரே (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தோம்.

அன்றிலிருந்து எந்தப் பாடத்தை எடுத்தாலும், இதில் பிள்ளை செய்வதற்கு என்ன வேலை இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். வேலை இல்லாத பாடமும் இருக்கும், அதைச் சுருக்கமாக முடித்துவிடுவேன்.

மனப்பாட வசனம் தனிக் கதை. நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அழகுதான், ஆனால் பிள்ளைக்குப் புரியவேண்டுமே. 23ஆம் சங்கீதத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய சிறுமியிடம், "தாழ்ச்சியடையேன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "கதவைத் தாழ்ப்பாள் போட்டு அடைக்கமாட்டேன், டீச்சர்" என்றாள். சிரித்தேன், வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டேன். இப்போது வசனத்தை எழுதிப்போடுமுன் கடினமான சொற்களை மட்டும் பலகையில் எழுதி, அவரவர் வீட்டுப் பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்கிறேன். "எனக்கு ஒண்ணும் குறையாது" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், மனப்பாடம் தானாக வரும். மாதத்துக்கு ஒரு வசனம் தாராளம். வாரம் ஒன்று என்று ஓட்டாதீர்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளை வரச்சொல்லிச் சிலுவை முடையச் செய்யுங்கள். எங்களுக்குப் பனங்குருத்து கிடைக்கிறது, தென்னங்குருத்தும் நல்லதுதான். வெட்டின ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்காவிட்டால் மறுநாள் மடிக்கும்போது வெடிக்கும். நடுவில் இருக்கிற ஈர்க்கை உரித்துவிட்டு விரல் அகலத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். நீளமான கீற்றை இரட்டையாக மடித்தால் நெட்டுக் கால். இன்னொரு கீற்றைக் குறுக்கே வைத்து, சேருமிடத்தில் மூலைக்கு மூலையாக இரண்டு சுற்று சுற்றி, நுனியைப் பின்பக்கச் சுற்றுக்குள் செருகி இழுத்துவிடுங்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்கு மடிக்க வராது, எண்ணி அடுக்க வரும். சபையில் எத்தனை பேரோ அத்தனை சிலுவை வேண்டும் என்று கணக்குக் கொடுத்துவிட்டால், யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பதுவரை பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். ஐயருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கிற எங்கள் உபதேசியாருக்குத் தெரியாத இரண்டு பேரைக்கூட ஒருதடவை அவர்கள் சொன்னார்கள்.

இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சேர்க்கிற பிடி அரிசியையும் பிள்ளைகள் பொறுப்பில் விடலாம். அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவது பிள்ளையின் வேலை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டி அளந்து, அவர்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். வாங்குகிறவர்களைக் கோவிலுக்கு வரவழைத்து, மைக்கில் பெயர் சொல்லிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். போட்டோவும் வேண்டாம்.

வாலிபப் பிள்ளைகளைப் பிடிப்பதுதான் பாடு. ஞாயிறு காலையில் ஒரு டியூஷன் சென்டர் பரீட்சை வைக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பாதிப் பேர் வருவதில்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மாற்றிவிட்டேன். இந்த வயசுக்கு அறிவுரை ஏறாது. சைக்கிளில் எங்கேயாவது கூட்டிப்போனால் வருவார்கள். நாங்கள் வெள்ளாளன்விளைக்குப் போனோம். 1874இல் அங்கே பிறந்த அசரியாதான் 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் (பிஷப்) ஆனார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் சபைகளின் காணிக்கையிலேயே தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அந்தத் தேரி மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றபோது ஒருவன், "நம்ம ஊர் மாதிரிதானே இருக்கு, டீச்சர்" என்றான். அவன் அதைச் சொல்லட்டும் என்றுதான் கூட்டிப்போனேன்.

போகுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கே போனாலும், எந்த வகுப்பானாலும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்கவேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக ஓர் அறையில் வைத்துப் பேசக்கூடாது. ஜெபம் பண்ணுவதானாலும் கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைக்கு ஏதாவது நடந்தது என்று தெரியவந்தால் சபைக்குள் பேசி முடிக்கிற விஷயமில்லை அது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் எழுதிப்போட்டிருக்கிறோம். "கோவில்ல எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும்.

வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் தாங்களே அறிக்கையிடத் தயாராகிற திடப்படுத்தல் வகுப்புக்கு ஒரு பிஸ்கட் டப்பா போதும். மூடியில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் கிண்டல் கேள்வியாகத்தான் வரும், அதையும் மதித்து வாசியுங்கள். மூன்றாவது வாரம்தான் உள்ளதைக் கேட்பார்கள். பக்கத்து வீட்டு முருகன் பக்தர் மோட்சம் போவாரா என்று எங்களிடம் வருஷாவருஷம் ஒருவராவது கேட்கிறார்கள். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில்லை. ஐயரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வேன், அவர்கள் பேசுவதையும் பிள்ளைகள் மறுத்துக் கேட்கலாம்.

போன வருஷம் ஒரு சீட்டில், "எங்க ஆச்சி ரொம்ப வேதனைப்படுறாங்க. செத்துப்போகணும்னு ஜெபம் பண்ணலாமா?" என்று இருந்தது. எழுத்தைப் பார்த்ததும் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, ஊரில் படுக்கையில் இருக்கிற நாலு பேர் வீட்டுக்கும் எல்லாருமாகப் போனோம். அந்த ஆச்சி வீடு மூன்றாவது. யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு பெண் கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்து இழுத்தார்கள், எப்படியோ முடித்தார்கள். ஆச்சி கண்ணைத் திறக்காமலே, "ரெண்டாம் சரணத்தை விட்டுட்டியளே" என்றார்கள்.